காவிப் பொடியும் கரி வேகனும்

சென்ற மாதம் இப்பகுதியில், கடையில் வாங்கிய பொம்மைச் சரக்கு வேகன்களுக்கு மறுவர்ணம் பூசி, அவை பல்லாண்டு ஓடி உழைத்தவைபோல் தோன்றச் செய்யும் கைவேலையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்த சகோதரி ஒருவர், சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்னை நிறுத்திக் கேட்டார்: "பணம் கொடுத்துப் பளபளவென்று வாங்கி வந்த சாமானை வேண்டுமென்றே அழுக்காக்குவதற்கு ஒரு கலையா? என் பிள்ளைகள் அதைச் சம்பளமில்லாமலே செய்வார்களே!" சுற்றியிருந்தோர் நகைத்தனர். நானும் நகைத்தேன். ஆயினும் கேள்வி நியாயமானது. விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

ஆங்கிலத்தில் இவ்வேலையை 'வெதரிங்' என்பர். வெயிலிலும் மழையிலும் கிடந்து ஒரு பொருள் அடையும் மாறுதலைக் குறிப்பது அச்சொல். பழைய புத்தகத்தின் தாளைப் பார்த்துப் 'பழுப்பேறிவிட்டது' என்கிறோமல்லவா? அதையொட்டி, இப்பகுதியில் இவ்வேலையைப் பழுப்பேற்றுதல் என்றே வழங்குகிறேன். அழுக்காக்குதல் வேறு, பழுப்பேற்றுதல் வேறு. இந்த வேகன் எந்தச் சரக்கை ஏற்றியது, அதை எவ்வாறு இறக்கினார்கள், எத்தனை ஆண்டாக ஓடுகிறது என்று கேட்டால், சரியாகப் பழுப்பேறிய வேகன் விடை சொல்லும். விடை சொல்லத் தெரியாத பழுப்பு வெறும் அழுக்கே. அத்தகைய வேகனைப் பொறுத்தமட்டில் என் வாக்கும் சகோதரியின் பக்கந்தான்.

சரக்கு அலுவலகக் குமாஸ்தாவுக்கு வேகன் பார்ப்பது உத்தியோகம். எனினும் உத்தியோகமில்லாதவர்களும் நாகபுரியில் இதற்காக நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. கொராடி, காப்பர்கேடா அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி போகிறது. பாலாகாட் பக்கத்தில் மாங்கனீசுத் தாது எடுக்கிறார்கள். கிழக்கே சத்தீஸ்கர் பக்கம் இரும்புத் தாது. ஏதேனும் ஒரு ரயில்வே மேம்பாலத்தின்மேல் அரைமணி நேரம் நில்லுங்கள். தண்டவாளத்தருகே இறங்க வேண்டா. 'பாக்ஸ் என்' என்னும் திறந்த வேகன்கள் கீழே வரிசையாகச் செல்லும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பினும், கரி சுமந்தது மங்கிய கருமையும், மாங்கனீசு சுமந்தது கருமை கலந்த பழுப்பும், இரும்புத் தாது சுமந்தது செங்காவியும் பூண்டிருக்கும்.

மேலிருந்து பார்ப்பதில் இன்னொரு லாபமுண்டு. வேகனின் உட்புறம் தெரியும். கடைப் பொம்மையில் உள்ளும் புறமும் ஒரே வர்ணம். மெய்யான கரி வேகனின் உள்ளேயோ பெயருக்குக்கூட வர்ணம் மிஞ்சியிராது. கரி உராய்ந்து உராய்ந்து அதைத் தின்றுவிடும். எஞ்சுவது துருவும், ஆங்காங்கே தேய்ந்து மின்னும் இரும்புமே. பக்கச் சுவர்களின் மேல் விளிம்பைக் கவனியுங்கள். பல அனல்மின் நிலையங்களில் வேகனை அப்படியே பிடித்துக் கவிழ்த்துக் கொட்டும் 'டிப்ளர்' என்ற இயந்திரம் உண்டு. அதன் பிடி அழுத்தும் இடத்தில் வர்ணம் உரிந்திருக்கும். மண்வாரி இயந்திரம் கொண்டு சரக்கை அள்ளுமிடங்களில் பக்கத்தகடு உள்ளிருந்து இடிபட்டு வெளியே புடைத்திருக்கும். வண்டியைச் சோதிக்கும் ஊழியர் சுண்ணக்கட்டியால் கிறுக்கிய குறிகளையும் காணலாம். கூரிய வெள்ளைப் பென்சில் ஒன்றிருந்தால் அவற்றைப் பொம்மையிலும் எழுதிவிடலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். புழுதி மூடிய பழைய வேகனில், பழுதுபார்த்த தேதி எழுதிய கட்டம் மட்டும் புது வர்ணத்தோடு பளிச்சென்றிருப்பதுண்டு. அந்தச் சிறு கட்டத்தைச் சுத்தமாக விட்டுவைப்பவர், மற்றவர் நூறு கறை பூசிச் சாதிக்காததைச் சாதித்துவிடுவார்.

எண்ணைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல என் குமாஸ்தா மனம் இடங்கொடுக்கவில்லை. நம் நாட்டு வேகன் ஒவ்வொன்றுக்கும் 11 இலக்க எண் உண்டு. முதல் இரண்டும் வேகனின் வகை; அடுத்த இரண்டும் அதற்கு உரிமையுள்ள ரயில்வே; அடுத்த இரண்டும் அது செய்யப்பட்ட ஆண்டு; பின் நான்கும் அதன் தனி எண்; கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். 2206145037 என்று தொடங்கும் எண்ணை எடுத்துக்கொள்வோம். இரட்டைப்படை இடங்களில் நிற்பவற்றைக் கூட்டினால் 19. அதன் மும்மடங்கு 57. ஒற்றைப்படை இடங்களில் நிற்பவற்றின் கூட்டுத்தொகை 11. ஆக 68. இதனை அடுத்த பத்தின் மடங்காகிய 70 ஆக்க வேண்டுவது 2. அந்த 2-தான் கடைசி இலக்கம். பொம்மை வேகனில் மனம் போனபடி எண் எழுதுவோர் பலர். என் போன்றவன் கண்ணில் பட்டால் முதலில் கணக்கைத்தான் போட்டுப் பார்ப்பான்.

கணக்கு கிடக்கட்டும், ஆண்டு முக்கியம். மேற்சொன்ன வேகன் 2014-ஆம் ஆண்டினது. பத்தாண்டுக்கு மேல் உழைத்த உடம்பு. அதைப் புத்தம் புதிதாய்க் காட்டுவதும் பிழை. சென்ற ஆண்டு பிறந்த வேகனை ஓட்டை உடைசலாய்க் காட்டுவதும் பிழை. எண்ணை முதலில் முடிவு செய்து, பிறகு தூரிகையைத் தொடுக. அதிலுள்ள 06 என்பது தெற்கு ரயில்வேயின் குறி. வேகன்கள் நாடு முழுவதற்கும் பொதுவாகச் சுற்றுவதால், 06 எண் கொண்ட வேகன் இங்கே வந்து நிற்பது சாதாரணம். சாதாரணமென்று அறிந்தும், அந்த எண்ணைக் கண்டால் இன்னொரு முறை திரும்பிப் பார்க்கிறேன்.

அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்த்து வர்ணம் பூசலாமே என்பார் உண்டு. தில்லியில் 1977-இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகமும், நம்மூர் மோதிபாக்கில் 2002-இல் திறக்கப்பட்ட குறுகிய பாதை அருங்காட்சியகமும் குழந்தைகளோடு காணத்தக்கவை. எஞ்சினின் அமைப்பையும் அளவையும் அங்கே கற்கலாம். அதன் கோலத்தைக் கற்க இயலாது. தில்லியில் நிற்கும் 7200 எண்ணுள்ள 'டபிள்யூ பி' நீராவி எஞ்சின் 1947-இல் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. இன்று அதன் மேனியில் முகம் பார்க்கலாம். ஓடிய காலத்தில் அவ்வினத்து எஞ்சின்களின் கொதிகலன் ஓரமாக உப்புநீர் கசிந்து சுண்ணாம்புக் கோடு வழிந்திருக்கும். புகைப்பெட்டியின் கீழே சாம்பல். சக்கரத் தண்டுகளில் எண்ணெயும் புழுதியும் குழைந்த பசை. அகலப்பாதையில் நீராவி வண்டிகள் 1995-இல் நின்றுபோயின. இன்றைய பிள்ளைகள் காணப்போவது அருங்காட்சியகத்துப் பளபளப்பை மட்டுமே. கரி அள்ளிப் போட்டவன் கைபட்ட எஞ்சினை அன்று. ஆகையால் நீராவி எஞ்சின் செய்வோர் பழைய புகைப்படங்களைத் தேடுக. கறுப்பு வெள்ளைப் படமாயினும் குறையில்லை. நிறம் தெரியாவிட்டாலும், கறை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பது அதில் தெளிவாகத் தெரியும்.

அமெரிக்காவில் மான்டரே நகரில் ஜான் ஆலன் என்ற புகைப்படக்காரர் இருந்தார். தம் வீட்டின் அடித்தளத்தில் மலையும் பள்ளத்தாக்குமாக ஒரு சிறு ரயில் உலகையே அமைத்து, அதிலிருந்த வண்டிக்கும் கட்டடத்துக்கும் முதுமையின் கோலம் கொடுத்தவர். பலருக்கு இவ்வேலையில் ஆசை பிறந்தது அவருடைய படங்களைப் பார்த்துத்தான். 1973 ஜனவரியில் அவர் காலமானார். சில நாட்களுக்குள் தீப்பற்றி அந்த அமைப்பின் பெரும்பகுதி அழிந்தது. இன்று நாம் காண்பதும் படங்களையே.

இனிச் செய்முறை. வேகனைச் சோப்பு நீரில் கழுவித் துடைக்காமல் உலரவிடுக. எஞ்சினாயின் மேற்கூட்டைக் கழற்றி அதை மட்டும் கழுவுக. கடை வர்ணமே தவறாயிருந்தால் முதலில் அதை உரிக்க வேண்டும். மோட்டார் பிரேக் எண்ணெயில் ஊறவைப்போர் உண்டு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவ்விஷம் வேண்டா. கூட்டை டெட்டாலில் இரவு முழுதும் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பெரும்பாலான வர்ணம் வந்துவிடும். ஒரு நுணுக்கம்: உரிந்த வர்ணத்தின்மேல் உடனே தண்ணீர் பட்டால் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். ஆதலின் முதல் அலசல் டெட்டாலிலேயே நடக்கட்டும். சோப்பும் நீரும் பிறகு. கைக்கு உறையும், கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு முன்சோதனையும் அவசியம்.

அடுத்து, பளபளப்பைக் கொல்லும் மங்கல் வார்னிஷ். இதில் ஊர்ப் பருவமறிந்து நடக்க வேண்டும். ஆடி ஆவணியின் ஈரக்காற்றில் தெளித்தால் வார்னிஷ் பால்போல் வெளுக்கும். மே மாதப் பிற்பகலில் தெளித்தால் வழியிலேயே உலர்ந்து மணல்போல் ஒட்டும். தீபாவளிக்கும் மகா சிவராத்திரிக்கும் இடைப்பட்ட காலமே நாகபுரியில் உகந்தது.

வர்ணம் எதையும் புட்டியிலிருந்து எடுத்தபடியே பூசாதீர்கள். முக்கியமாகக் கறுப்பை. பத்தே முக்கால் மீட்டர் நீளமுள்ள வேகன், 87-இல் ஒரு பங்கு அளவில் 12 சென்டிமீட்டர் சுமாருக்குக் குறுகிவிடுகிறது. அச்சிறு உருவில் முழுக் கறுப்பு ஓட்டைபோல் தெரியும். கருஞ்சாம்பல்தான் கறுப்பாகத் தோன்றும். கருஞ்சாம்பலும் பழுப்பும் கலந்து, தெளிந்த ரசம்போல நீர்த்த கரைசலாக்கி, விலாச் சட்டங்களின் ஓரமாக ஓடவிடுக. அது உலருமுன், ஈரப் பஞ்சால் மேலிருந்து கீழாகத் துடைத்து இழுக்க வேண்டும். மழை மேலிருந்து கீழே பெய்கிறது என்பதை மறந்து குறுக்கே துடைத்தவர்களின் வேகன்களைக் கண்டிருக்கிறேன். புயலில் அகப்பட்டவைபோல் இருந்தன.

பொடிக்கு வருவோம். வெளிநாட்டுப் புட்டிகளில் துருப்பொடி விற்கிறது. விலை கேட்டால் துருப்பிடிப்பது நாம்தான். நம் வீடுகளில் மார்கழிக் கோலத்துக்கு வைத்திருக்கும் காவிக்கட்டி என்ன பொருள் என்று எண்ணுகிறீர்கள்? அதன் செம்மைக்குக் காரணம் இரும்பின் ஆக்சைடு. துருவுக்கு நெருங்கிய உறவு. அதை நன்கு இழைத்து, மெல்லிய துணியில் சலித்து, உலர்ந்த மென்தூரிகையால் வேகனின் உட்புறத்திலும் மூலைகளிலும் தொட்டுத் தொட்டு வைத்தால், இரும்புத் தாது வண்டி கண்முன் வந்து நிற்கும். கரிக்கு, சித்திரம் வரையும் கறுப்பு, சாம்பல் நிறச் சுண்ணக்கட்டிகளை உப்புத்தாளில் தேய்த்த பொடி போதும். மேலே வார்னிஷ் தெளிக்கும்போது பொடி பாதி மறைந்துவிடும்; அதனால் வேண்டியதற்குச் சற்று மேலாகவே இடுக. சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் வளையத்தில் மட்டும் வர்ணமோ பொடியோ படலாகாது. மின்சாரம் அவ்வழியாகத்தான் ஏறுகிறது.

மின்சார எஞ்சினுக்குத் தனி முகம் உண்டு. அஜ்னி ஷெட்டின் 'டபிள்யூ ஏ ஜி 9' எஞ்சின்களைப் பாருங்கள். புகையில்லாத வண்டிக்குக் கறை ஏது என்பீர்கள். கூரையில், கம்பியைத் தொட்டு உராயும் பான்டோகிராப்பின் கீழே, கரிப்பொடியும் பழுப்பும் படிந்திருக்கும். கீழ்ச்சட்டம் முழுதும் புழுதிமயம். முகப்புக் கண்ணாடியிலோ துடைப்பான் போய்வந்த இடம் மட்டும் விசிறிபோல் தெளிவாயிருக்கும். விசிறி வடிவில் ஒட்டுத்தாளை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டி, புழுதி பூசியபின் உரித்தெடுங்கள். ஓட்டுநர் இப்போதுதான் இறங்கிப் போனார் என்று தோன்றும்.

கடைசியாக ஓர் அன்பரின் கடிதம். அவர் தகப்பனார் சிறுவயதில் விளையாடிய, சாவி கொடுத்தால் ஓடும் ஹார்ன்பி தகர எஞ்சின் வீட்டிலிருக்கிறதாம். வர்ணம் பல இடங்களில் போய்விட்டதால், சுரண்டிவிட்டுப் புது வர்ணம் பூசி மகனின் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். லிவர்பூலிலிருந்த பிராங்க் ஹார்ன்பியின் கம்பெனி அத்தகைய சாவி ரயில்களை 1920 முதல் விற்றது. அக்காலத்து வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். சுரண்டிய தூள் குழந்தையின் வாயில் போகலாகாது. உப்புத்தாளால் உலரத் தேய்ப்பது அறவே கூடாது. அதில் வார்ப்புத் துண்டுகள் இருந்தால், துத்தநாகக் கலப்புலோகத்தில் வெடிப்பு தென்படுகிறதா என்று பாருங்கள். வெடித்த வார்ப்புக்கு மருந்தில்லை.

ஆனால் அன்பரே, ஈயமே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் அந்த எஞ்சினைத் தொடாதீர்கள் என்பேன். நாம் கடைப் பொம்மையில் காவியும் கரியும் வைத்து உண்டாக்க முயல்வது, அதில் தானாகவே வந்திருக்கிறது. சாவி திருகிய விரல் பட்டு வர்ணம் தேய்ந்த இடம் தங்கள் தகப்பனாருடையது. சுரண்டிவிட்டால் அது மீளாது. ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுத்து, விசையச்சில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். மகனுக்குப் பிளாஸ்டிக் வேகன் ஒன்று வாங்கிக் கொடுத்து, ஒரு தூரிகையும் காவிக்கட்டியும் கையில் கொடுங்கள். அவன் விரும்பினால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வேகனை எடுத்துவரட்டும். கடைசி இலக்கத்தை இருவருமாகக் கூட்டிப் பார்க்கிறோம்.