முன் சக்கரத்துக்கு எவ்வளவு அகலம் வேண்டும்?



வேலைக்குப் போய் நாலு காசு கையில் சேர்ந்ததும் பழைய கார் ஒன்றை வாங்கி, இயந்திரத்துக்கு வேகம் கூட்டி, அகலமான டயரும் பெரிய ரிம்மும் மாட்டிப் பார்க்கும் ஆசை நம் பிள்ளைகள் பலருக்கு உண்டு. அந்த ஆசையைக் குறை சொல்ல நான் வரவில்லை. வேகம் கூட்டிய காருக்கு நல்ல டயர் வேண்டியதுதான். ஆனால், அகலம் கூடினால் பிடிப்பும் கூடிக்கொண்டே போகும் என்று நம்பி, மாதத் தவணைக்கு ரிம் வாங்குகிறார்களே, அங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பெற்றோர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சாகா, மைவி போன்ற கார்களில் இயந்திரம் முன்னால் இருக்கிறது. காரை இழுப்பதும் திருப்புவதும் முன் சக்கரங்களே. பிரேக் பிடிக்கும்போது பெரும் பாரத்தைத் தாங்குவதும் அவைதாம். 1,000 கிலோ காரில் ஏறக்குறைய 600 கிலோ முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. டயரில் 30 பிஎஸ்ஐ காற்று இருந்தால் அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. வகுத்துப் பாருங்கள்: சுமார் 143 சதுர சென்டிமீட்டர் வருகிறது. ஓர் அஞ்சலட்டை அளவு ரப்பர்தான் தரையைத் தொடுகிறது!

அகலமான டயர் போட்டாலும், பாரமும் காற்றும் மாறாத வரை இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. நீளம் குறைந்து அகலம் கூடும், அவ்வளவுதான். காய்ந்த சாலையில் வளைவு திரும்ப அது உதவும். மழையிலோ, அகலமான டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். தள்ள முடியாத வேகத்தில் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. சாயங்காலம் தவறாமல் மழை கொட்டும் நம் நாட்டில் இதை மறக்கலாமா?

இனி டயரின் பக்கத்தில் இருக்கும் எண்களைப் படிப்போம். 175/65 ஆர்14 என்றால், அகலம் 175 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு. ரிம்மின் குறுக்களவு 14 அங்குலம். மேலும் கீழும் இரண்டு சுவர்களையும் ரிம்மையும் கூட்டினால் மொத்த உயரம் 583 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக 185/55 ஆர்15 போட்டால் 584.5. வித்தியாசம் மிகக் குறைவு, தாராளமாகப் போடலாம். கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 195/65 ஆர்15 போட்டால் 634.5 ஆகிவிடும். டயர் மட்கார்டில் உரசும். மீட்டர் 100 காட்டும்போது கார் உண்மையில் 109 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.

ரிம்மின் அகலத்தையும் பாருங்கள். 185/55 டயருக்கு 5 முதல் 6.5 அங்குலம் வரை பொருந்தும். 6 அங்குலம் சரியான அளவு. ரிம்மில் ‘ஈடி’ என்று ஓர் எண் இருக்கும். அது குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். ஸ்டியரிங் கையை இழுக்கும், பேரிங்குக்கும் பாரம் கூடும். ஈடி மாறாமல் ரிம் ஓர் அங்குலம் அகலமானால் உள்ளே 12.7, வெளியே 12.7 மில்லிமீட்டர் நீளும். ஆகவே பணம் கொடுக்கும் முன் மாட்டிப் பாருங்கள். காரில் நாலு பேரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, எங்கேயும் உரசுகிறதா என்று பாருங்கள்.

காசு போதவில்லை என்று முன்னால் மட்டும் அகலமான டயர் போடாதீர்கள். முன்பக்கம் நன்றாகப் பிடித்து, பின்பக்கம் பிடிக்காவிட்டால், ஈரமான வளைவில் காரின் வால் சுற்றிக்கொள்ளும். முன் சக்கரம் இழுக்கும் காருக்கு நான்கும் ஒரே அளவாக இருப்பதே நல்லது. பின் சக்கரம் தள்ளும் வேகக் கார்களில் பின்னால் அகலமான டயர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு கணக்கு.

தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடுகிறவர்களுக்கு இன்னொன்று. 175/65 டயரின் சுவர் 114 மில்லிமீட்டர். 195/45 ஆர்16 போட்டால் 88தான். மொத்த உயரம் சரியாகத்தான் இருக்கும். குழியில் விழுந்தால் அடி நேரே ரிம்மில் விழும்.

பழைய டயர் வாங்கினால் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தொடவே வேண்டாம்.

ஆக, அகலத்தில் ஒரு படி ஏறினால் போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல ரப்பர் உள்ள டயரை நான்கு சக்கரங்களுக்கும் வாங்கி, அலைன்மெண்டும் பார்த்துவிடுங்கள். அளவை ஒரு தாளில் எழுதிக்கொண்டே கடைக்குப் போங்கள். அங்கே போய்த் தீர்மானிக்க வேண்டாம்.