"ஸ்டென்ட் தானே?" என்று கேட்பவர்களுக்கு

2024 அக்டோபரில் கிளம்பிய ஒரு பேச்சு எங்கள் பக்கத்தில் இன்னும் அடங்கவில்லை. "ரஜினிக்கே நாலு நாளில் முடிந்துவிட்டது. ஒரு ஓட்டை, ஒரு ஸ்டென்ட், வீட்டுக்குப் போய்விட்டார். இதற்குப் போய் நெஞ்சைப் பிளப்பானேன்?" காபிக் கடையிலும் கேட்டேன், பென்ஷனர் கூட்டத்திலும் கேட்டேன். வெறும் பேச்சோடு போனால் சரி. இதை நம்பிக்கொண்டு, டாக்டர் சொல்லும் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்களும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஓய்வு பெற்ற குமாஸ்தா. ஆனால் ஒரு ஃபைலை முழுக்கப் படிக்காமல் குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது.

மருத்துவமனை அறிக்கை சொன்னது இவ்வளவுதான்: இதயத்திலிருந்து வெளியேறும் பெரிய ரத்தக்குழாயில் வீக்கம், அறுவை இல்லாமல் கதீட்டர் வழியாக ஸ்டென்ட் வைத்து வீக்கம் அடைக்கப்பட்டது. செப்டம்பர் 30ஆம் தேதி சேர்ந்தவர் அக்டோபர் 3ஆம் தேதி இரவு வீடு திரும்பினார். அப்போது அவருக்கு வயது 73, நம் செட்டுதான். சந்தோஷம். ஆனால் "ஸ்டென்ட்" என்ற அந்த ஒரு சொல் எல்லாரையும் ஏமாற்றிவிட்டது.

நம்மில் பாதிப் பேருக்கு நெஞ்சில் இருக்கும் ஸ்டென்ட், மூன்று மில்லிமீட்டர் அகலக் கம்பிவலை. அடைப்பைத் திறப்பது அதன் வேலை. பெருந்தமனிக்கு வைப்பது கம்பிச் சட்டத்தில் துணி தைத்த உறை. அகலம் முப்பது, நாற்பது மில்லிமீட்டர். வீங்கிய சுவரின் பக்கம் ரத்தம் போகாமல் மறைப்பது அதன் வேலை. ஒன்று திறக்கிறது, இன்னொன்று மறைக்கிறது. பெயர்தான் ஒன்று.

அதிலும் வளைவு என்ற இடம் தனி. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அதன் பெயர் "க்ரோஸ்" என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. பிஷப் கையில் பிடிக்கும், தலை வளைந்த கோலுக்கும் அதே சொல்தான். இதயத்திலிருந்து ரத்தம் மேலே ஏறி, குடைக் கைப்பிடி போல வளைந்து, முதுகுப் பக்கமாகக் கீழே இறங்குகிறது. அந்த வளைவின் உச்சியில் மூன்று கிளைகள். முதலாவது வலது கைக்கும் மூளையின் வலப்பக்கத்துக்கும், இரண்டாவது மூளையின் இடப்பக்கத்துக்கும், மூன்றாவது இடது கைக்கும் பின்மூளைக்கும் போகின்றன.

டெல்டாக்காரர்களுக்கு இது புரியாமல் போகாது. கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. சரியாக அந்தத் தலைப்பிலேயே கரை கரைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றை நிறுத்தாமல் உள்ளே உறை போட வேண்டும். பிரியும் மதகு ஒன்றையும் மூடிவிடக் கூடாது. மூடினால் வாடப்போவது நாற்று அல்ல, மூளை.

உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கொலாய் வொலொதோஸ் என்ற டாக்டர் 1987லேயே மார்புப் பெருந்தமனிக்குள் இத்தகைய உறையை வைத்தார். ஆனால் கிளைகள் உள்ள வளைவு எளிதில் வசப்படவில்லை. நேரான குழாயை வளைவில் வைத்தால் உள்வளைவில் அதன் உதடு சுவரில் ஒட்டாமல் பறவை அலகு போலத் தூக்கி நிற்கும். ரத்தம் அதன் அடியில் புகும். இதற்காக வளைந்து கொடுக்கும் உறைகளைச் செய்தார்கள். தொடை வழியாக விட்ட கம்பியை வலது கை வழியாக வெளியே எடுத்து, துணி காயப்போடும் கொடி போல இரு முனையிலும் இழுத்துப் பிடிக்கவும் கற்றார்கள்.

அடுத்தது ரத்த வேகம். நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் பாய்கிற இடத்தில் உறை விரியும்போது, காற்றில் சிக்கிய பாய் போல அது தள்ளிக்கொண்டு போகும். அதனால் சில விநாடிகள் இதயத்தை நிமிஷத்துக்கு 180 தடவை துடிக்க வைக்கிறார்கள். அவ்வளவு வேகத்தில் அது ரத்தத்தைச் சரியாகத் தள்ளாது. அழுத்தம் இறங்கும் அந்த நேரத்தில் உறையை விரிக்கிறார்கள்.

கிளைகளுக்கு முதலில் கண்ட வழி, கழுத்தில் மாற்றுக் குழாய் இணைத்துவிட்டு, பிறகு கிளை வாயை மூடுவது. ஜப்பானின் கியோட்டோவில் இனோவே என்பவர் 1990களிலேயே கிளை வைத்த உறையை உருவாக்கினார். இன்று நோயாளியின் சி.டி. படத்தை அளந்து, அவருக்கென்றே துவாரமும் கிளையும் வைத்துத் தைக்கிறார்கள். அது வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அவசரம் என்றால் சாதாரண உறையை வைத்துவிட்டு, உடம்புக்குள்ளேயே லேசரால் அதில் துவாரம் போடுவதும் உண்டு.

கடைசிச் சிக்கல் பக்கவாதம். வளைவில் படிந்த கொழுப்புத் துணுக்கோ, துணி மடிப்பில் தங்கிய காற்றோ மூளைக்குப் போய்விடலாம். உறையைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் கழுவிக் காற்றை வெளியேற்றுகிறார்கள். ஆபத்து குறையும், ஒழியாது. இதைத்தான் "ஸ்டென்ட் தானே" என்கிறீர்கள்.

இன்னொன்று. இதயத்திலிருந்து மேலே ஏறும் பகுதியில் சுவர் திடீரென்று கிழிந்தால் இன்றும் நெஞ்சைத் திறப்பதுதான் முதல் வழி. அந்த ஆபரேஷனை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவரான மைக்கேல் டிபேக்கிக்கே அந்தக் கிழிசல் வந்தது. 2006இல், 97 வயதில், நெஞ்சைத் திறந்துதான் சரி செய்தார்கள். 99 வயது வரை இருந்தார். ஓட்டை போட்டால் நவீனம், திறந்தால் பழசு என்று நினைப்பது தப்பு.

அடுத்து, மனு எழுதும் நண்பர்களுக்கு. தஞ்சை மருத்துவக் கல்லூரியில் 2019 ஜனவரியில் பல்நோக்கு உயர் சிகிச்சைப் பிரிவைத் திறந்தார்கள். "வளைவுக்கு உறை வைப்பதும் இங்கேயே வேண்டும்" என்று மனு போடலாம் என்கிறார்கள். நான் கையெழுத்துப் போட மாட்டேன். வருஷத்துக்கு நாலு கேஸ் பார்க்கும் கை இதில் தேறாது. இத்தனை தந்திரங்களும் திரும்பத் திரும்பச் செய்கிற குழுவுக்குத்தான் கைவரும். மாநிலத்துக்கு இரண்டு மூன்று இடம் போதும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைக்குத் தனித் துறையே இருக்கிறது.

"அப்படியானால் நமக்கு ரெஃபரல் சீட்டு மட்டும்தானா?" என்று கோபப்படுவார்கள். அந்தக் கோபம் நியாயமானது. சீட்டைக் கொடுத்து 340 கிலோமீட்டர் அனுப்புவது கைகழுவுவதுதான். ஆகவே மனுவில் இதைக் கேளுங்கள்: தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம், மன்னார்குடி என்று எல்லா ஊரிலும் ராத்திரி இரண்டு மணிக்கும் மருந்து ஏற்றி சி.டி. எடுக்க வேண்டும். அதைப் படிக்க ஆள் இருக்க வேண்டும். படம் அந்த நிமிஷமே சென்னைக் குழுவுக்குப் போக வேண்டும். பிரஷரை இறக்கும் மருந்தை இங்கேயே தொடங்கிவிட்டு 108இல் ஏற்ற வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டின் 5 லட்சத்துக்குள் இந்த இறக்குமதி உறை அடங்காது. அதற்குத் தனி நிதி வேண்டும். திருவனந்தபுரத்து சித்ரா இதய வால்வை 1990லேயே நாம் செய்து பொருத்திய நாடு. உறையும் இங்கேயே தயாராகட்டும்.

கிழிசல் வந்தவர் பெரும்பாலும் தோற்பது வளைவில் அல்ல, அதற்கு முன்பே. நெஞ்சிலோ இரண்டு தோள்பட்டைக்கு நடுவிலோ கிழிக்கிற மாதிரி திடீர் வலி வரும். வீட்டில் "வாயு" என்று சோடா கொடுப்பார்கள். மாரடைப்பு என்று எண்ணி ரத்தக்கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். அறுபது தாண்டியவர்களே, பீடி சுருட்டை விடுங்கள், பிரஷர் மாத்திரையை விடாதீர்கள். அப்படி ஒரு வலியோடு போனால், "இரண்டு கையிலும் பிரஷர் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வலது கைக்கும் இடது கைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் பெருந்தமனியைச் சந்தேகிக்க வேண்டும். வித்தியாசம் இல்லாவிட்டாலும் சந்தேகம் தீர சி.டி. வேண்டும். கையில் பார்க்க ஒரு நிமிஷம், செலவு ஒன்றும் இல்லை.