"குண்டை எடுத்தாச்சா?"

சினிமா டொக்டர் இடுக்கியால் குண்டை எடுத்து எவர்சில்வர் தட்டில் போடுவார். 'ணங்' என்று ஒரு சத்தம். வாசலில் அழுதுகொண்டிருந்த மனைவி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்தச் சத்தம் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் நம் காதைவிட்டு இன்னும் போகவில்லை.

விடியுமுன் பால்வெட்டப் போகிறவர் காட்டுப்பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கில் மாட்டிக்கொள்கிறார். பெரும்பாலும் காலில்தான் படும். குனிந்திருந்தாலோ சரிவில் கீழே நின்றாலோ தலையிலும் படலாம். அப்படிப் பட்டுவிட்டால் ஆஸ்பத்திரி வாசலில் ஒரே கேள்விதான்: "குண்டை எடுத்தாச்சா?" இல்லை என்றால், "நம்ம ஆளுங்கன்னா இப்படித்தான், ஏனோதானோன்னு பாப்பாங்க."

இந்தச் சந்தேகத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். தமிழில் ஒரு வார்த்தை விளக்கம் கிடைக்காத வார்ட்டில் அது தானாகவே முளைக்கும். ஆனாலும் குண்டை எடுத்தால்தான் ஆள் பிழைக்கும் என்ற நம்பிக்கை தப்பு.

குண்டு பாய்ந்த கணத்திலேயே அதன் வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆளைக் கொல்வது இரத்தக்கசிவு, மூளை வீக்கம், மூச்சடைப்பு, இரத்த அழுத்தம் விழுவது. நாள் கழித்துக் கிருமி. டொக்டர்மார் ஓடுவது இவற்றின் பின்னால்தான். ஆழத்தில் கிடக்கும் துண்டைத் தேடித் துழாவினால், குண்டு விட்டுவைத்த நல்ல மூளையும் கெடும். முதலாம் உலகப் போரில் அமெரிக்க மூளை அறுவை டொக்டர் ஹார்வி குஷிங் காந்தம் வைத்துக்கூடத் துண்டுகளை இழுத்தார். அன்று ஸ்கேனும் இல்லை, அன்டிபயோட்டிக்கும் இல்லை. 1980களில் லெபனான் போர்க் காயங்களைப் பார்த்த அனுபவத்துக்குப் பிறகு, ஆழத்துத் துண்டை அப்படியே விடும் போக்கு வலுத்தது. கைக்கெட்டுவது, இடம் நகர்வது, மூளைநீர் ஓட்டத்தை அடைப்பது, சீழ் பிடித்தது என்றால் எடுப்பார்கள்.

2012இல் பாகிஸ்தானில் சுடப்பட்ட மாணவி மலாலாவுக்குக் குண்டு மூளைக்குள் போகவே இல்லை. தலையின் இடப்பக்கம் பட்டுத் தோள்பக்கம் இறங்கிவிட்டது. அப்படியும் மூளை வீங்கியது. பெஷாவர் டொக்டர்மார் மண்டையோட்டில் ஒரு பகுதியைக் கழற்றி வீக்கத்துக்கு இடம்விட்டார்கள். பிள்ளை பிழைத்தது அதனால்தான்.

அவ்வளவு தூரம் ஏன்? தலைக்குள் ஷெல் துண்டோடு நடமாடுகிறவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். தலைவலியும் வலிப்பும் சிலரை விடவில்லை, உண்மைதான். 1977 கலவரத்தோடு தோட்டத்தை விட்டு அந்தப் பக்கம் போன நம் சொந்தங்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே, வெடி பட்டால் காயத்தைக் கிளறாதீர்கள், கோப்பித்தூள் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். வார்ட்டில் கேட்க வேண்டியவை வேறு: நினைவு எப்படி இருக்கிறது? ஸ்கேனில் இரத்தக்கட்டி உண்டா? வலிப்பு மருந்து எத்தனை நாள்? பதிலைத் தமிழில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இன்னொன்று. கட்டுத்துவக்கில் இரும்புத் துண்டையும் போட்டு அடைப்பார்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரமோ பெரிய காந்தம். எத்தனை வருடம் கழிந்தாலும், அதற்குள் போகுமுன் தலையில் துண்டு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். பழைய எக்ஸ்ரே படத்தைத் தூக்கி எறியாதீர்கள்.