கோவாலாவும் எங்கள் தேவாங்கும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் வீடுகளின் கண்ணாடி அலுமாரிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சிட்னியிலிருந்தோ மெல்பேர்ணிலிருந்தோ விடுமுறைக்கு வந்த உறவினரின் அடையாளமாக அங்கே ஒரு பஞ்சுக் கோவாலாவோ, பையில் குட்டியை ஏந்திய கங்காருவோ குந்தியிருக்கும். சில வீடுகளில் பொலித்தீன் உறையைக்கூடக் கழற்றுவதில்லை. பிள்ளை தொட்டால் ஊத்தையாகிவிடுமாம்! வாலடியில் தைத்த துண்டைப் புரட்டினால் பெரும்பாலும் சீனாவின் பெயர் இருக்கும்.

அன்பளிப்பைக் குறைகூறுவது என் நோக்கமல்ல. என் வழக்கு நம்மவரோடுதான். கோவாலாவைக் கொஞ்சும் அதே வீட்டில் மெலிந்த பிள்ளையைத் “தேவாங்கு மாதிரி” என்று ஏசுகிறோம். செந்தேவாங்கு உலகில் வேறெங்குமில்லாது இலங்கையின் ஈரவலயத்தில் மாத்திரம் வாழ்வது. உள்ளங்கையில் அடங்கும் உடல், முகத்தின் பாதியை எடுத்துக்கொண்ட கண்கள். பொம்மை செய்பவன் தவமிருந்து பெறவேண்டிய முகம் அது. நமக்கோ அது வசைச்சொல். திணைதோறும் விலங்கையும் பறவையையும் கருப்பொருளாக வகுத்த மொழி இது என்று மேடைகளில் மட்டும் முழங்குவோம்.

“சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளில் என்ன ஐயா அரசியல்?” என்று கேட்பார்கள். அவுஸ்திரேலியரின் கதையைப் பார்க்கட்டும். 1927 இல் குயின்ஸ்லாந்து அரசு வேட்டைக்கு அனுமதி கொடுத்து, தோலுக்காக ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான கோவாலாக்கள் கொல்லப்பட்டன. ஆறாண்டுகளின் பின், 1933 இல், டொரதி வோலின் ‘பிளிங்கி பில்’ என்னும் கோவாலாக் குட்டி சிறுவர் நூலில் பிறந்தது. தோலாகக் கண்ட விலங்கைப் பிள்ளையாகக் காண அந்நாடு பழகியதில் கதைக்கும் பொம்மைக்கும் பங்குண்டு. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் சின்னங்களாகக் கங்காருவையும் கோவாலாவையும் விடுத்து, பிளாற்றிபஸ், எக்கிட்னா, குக்கபரா ஆகியவற்றை நிறுத்தினார்கள். ஐரோப்பியர் கொண்டுவந்த முயல் நாட்டையே அரித்ததால், ஈஸ்டர் முயலுக்குப் பதிலாகப் பில்பி என்ற நீள்காது விலங்கைச் சொக்லேட்டில் வார்த்தார்கள்.

பொம்மை காட்டைக் காத்துவிடாது என்பதும் மெய்தான். 2022 பெப்ரவரியில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பிரதேசம் ஆகியவற்றின் கோவாலா அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அச்செய்தி உலகெங்கும் தலைப்பானது; முகம் தெரிந்த விலங்கல்லவா! மன்னார்க் கடலின் ஆவுளியா சட்டத்தின் காவல் இருந்தும் இறைச்சிக்காகக் கொல்லப்படுகிறது. நம் பத்திரிகைகளில் அது உள்பக்கத்து ஒற்றைப் பத்தி.

முயற்சியே இல்லையென்று சொல்லமாட்டேன். பாபரா சன்சோனி தொடங்கிய பெயர்ஃபுட், கொள்ளுப்பிட்டியில் கைத்தறித் துணியில் பொம்மைகள் விற்கிறது. சுற்றுலாக் கடைகளில் யானைக்கும் குறைவில்லை. ஆனால் புலம்பெயர் உறவினர் திரும்பும்போது அவர் பெட்டியில் நாம் வைப்பது மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் பருத்தித்துறை வடையுமே. மெல்பேர்ணில் பிறந்த பிள்ளை அவற்றைக் கட்டிக்கொண்டு உறங்குமா?

துணிக்கும் தையலுக்கும் இந்த நாட்டில் பஞ்சமில்லை. கட்டுநாயக்காவில் தைத்த ஆடையை உலகமே உடுக்கிறது. காலி வீதித் தையற்கடைகளில் மாலையில் கூட்டித் தள்ளும் வெட்டுத்துண்டுகளே ஒரு தேவாங்குக்குப் போதும். கண்ணுக்கு மட்டும் இரண்டு பெரிய தெறிகள் தேடவேண்டியிருக்கும்.