வட்டி ஹராம் என்பது மேடையில் மட்டும்தானா?

இளைஞர்களே! வணிகப் பெருமக்களே!

நீங்கள் கடை திறக்கப் போன பிறகு உங்கள் தெருவில் நடப்பது என்ன தெரியுமா? வாரம் ஒரு நாள் காலையில், ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து நோட்டை விரிக்கிறார். ஒருத்தியிடம் தவணைப் பணம் இல்லை. அவள் கட்டும்வரை மற்றவர்களையும் எழுந்து போக விடுவதில்லை. அவள் தலைகுனிந்து நிற்கிறாள்.

அந்தக் கூட்டத்தில் நம் சகோதரிகளும் இருக்கிறார்கள்!

வட்டி ஹராம் என்று ஜும்ஆ மேடையில் கேட்கிறோம், தலையாட்டுகிறோம். ஆனால் அவள் ஏன் அந்தத் திண்ணைக்குப் போனாள் என்று என்றாவது கேட்டோமா? பிள்ளைக்குக் காய்ச்சல். தையல் மெஷின் வாங்க முன்பணம். கணவனின் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஏஜெண்ட் கேட்ட பாக்கி. ஊரில் வட்டியில்லாமல் கொடுக்க ஆளில்லை, போனாள். நுண்கடன் வட்டிக்கு இருந்த உச்சவரம்பையும் ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் எடுத்துவிட்டது.

"பெண் முன்னேற்றத் திட்டம் என்றாலே குடும்பத்தைக் கலைக்க வந்தது" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்களைக் கேட்கிறோம்: அன்னை கதீஜா (ரலி) வணிகர் அல்லவா? மஹர் மனைவியின் சொந்தச் சொத்து அல்லவா? அவள் சம்பாதித்தது அவளுக்கே உரியது என்று மார்க்கமே சொல்லும்போது, அதைத் தடுக்க நாம் யார்?

1989இல் தர்மபுரியில் சர்வதேச நிதியுதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. கைநாட்டு வைத்த பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். வங்கி வாசலை மிதித்தார்கள். அந்தக் கடனிலும் வட்டி இருக்கிறது என்று நம் பெண்களைத் தடுத்தவர்கள் உண்டு. தடுத்தது சரி என்றே வைத்துக்கொள்வோம். பதிலுக்கு என்ன கொடுத்தீர்கள்? ஒன்றுமில்லை! வங்கி வட்டிக்குப் போகாதே என்றீர்கள். அவள் அதைவிடப் பெரிய வட்டிக்குப் போனாள்.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். பாகிஸ்தானில் லாகூர் நகரில் 2001இல் டாக்டர் அம்ஜத் சாகிப் 'அகுவத்' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் கடன் ஒரு விதவைப் பெண்ணுக்கு 10,000 ரூபாய். வட்டி கிடையாது. கடன் கொடுத்த இடம் பள்ளிவாசல். வாங்கிய கடனில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பி வருகிறது என்கிறது அந்த அமைப்பு. அன்று கடன் வாங்கியவர்களே இன்று நன்கொடையும் தருகிறார்கள். 2021இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அங்கே பள்ளிவாசலில் முடிந்தது, இங்கே ஏன் முடியாது?

கடன் மட்டும் போதாது. மேலப்பாளையத்துக்குப் போய்ப் பாருங்கள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பீடி சுற்றும் பெண்கள். புகையிலைத் தூசியில் இருமல், குனிந்தே இருந்து முதுகுவலி. பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1976இல் வந்தது. அடையாள அட்டை இருந்தால் மருத்துவ உதவியும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் உண்டு. ஆனால் அவள் சுற்றும் பீடி வேறொருவர் பாஸ் புத்தகத்தில் ஏறினால், உழைப்பு அவளுடையது, உரிமை யாருடையது?

வணிகப் பெருமக்களே! நீங்கள் செய்யக்கூடியவை மூன்று.

ஒன்று: ஒவ்வொரு ஜமாஅத்திலும் வட்டியில்லாக் கடன் நிதி. இருபது கடைக்காரர்கள் ஆளுக்கு ஐயாயிரம் போட்டால் ஒரு லட்சம். பத்தாயிரமாகப் பத்துப் பெண்களுக்குக் கொடுக்கலாம். அது திரும்பி வரும். அடுத்த பத்துப் பேருக்குப் போகும்.

இரண்டு: மாவட்ட ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. அது திரட்டும் நன்கொடைக்கு அரசும் இணை மானியம் தருகிறது. நாம் கொடுக்காவிட்டால் அந்த அரசுப் பணமும் வராது! கல்யாண மண்டப விளக்குக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை அங்கே கொடுங்கள்.

மூன்று: யாருக்குக் கடன், எவ்வளவு என்று முடிவு செய்யும் குழுவில் பெண்களும் இருக்கட்டும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இளைஞர்களே! சுவரொட்டி ஒட்டத் தெரிந்த உங்களுக்கு, விண்ணப்பப் படிவம் நிரப்பித் தரத் தெரியாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருத் தெருவாகப் போங்கள். யாருக்கு அட்டை இல்லை, யாருக்கு எவ்வளவு வட்டிக் கடன் என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலை நிர்வாகிகள் முன் வையுங்கள்.

வட்டி வாங்குகிறவரைத் திட்டுவது எளிது. அவர் நம் தெருவுக்கு வரத் தேவையில்லாமல் செய்வதுதான் வேலை. அடுத்த வாரமும் அந்த மோட்டார் சைக்கிள் வரும். அதற்குள் நாம் என்ன செய்யப் போகிறோம்? சிந்திப்பீர்! செயல்படுவீர்!