வாய் மட்டுமா கெட்டது?

"அவருக்கு வாய்தான் அப்படி, மனசு தங்கம்" என்ற நற்சான்றை மதுரைச் சீமையில் கேளாத காது இராது. கீழமாசி வீதிக் கடைகளிலிருந்து திருமங்கலம், உசிலம்பட்டிச் சந்தைகள் வரையில் வழங்கும் இந்த அபிப்பிராயம் சபைக்குள்ளும் புகுந்து, ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வந்து பக்தியோடு பாமாலை பாடுகிறவர்களும் தங்கள் ஏச்சுக்கு இதனையே சமாதானமாகச் சொல்லுகிறார்கள் என்பது எனக்குப் பெருந்துக்கமாயிருக்கிறது.

மாட்டுத்தாவணிக் காய்கறிச் சந்தையில், வேத வசனம் அச்சிட்ட காலண்டர் கல்லாவுக்கு மேலே தொங்குகிற ஒரு மண்டியில், விடியற்காலை வேளையில், தக்காளிப் பெட்டி ஒன்றைக் கை நழுவவிட்ட சுமை தூக்கும் பையனைப் பார்த்து, எங்கோ தன் வீட்டிலிருக்கும் அவனுடைய தாயை இழுத்து முதலாளி பொழிந்த சொற்களை இங்கே எழுத இயலாது. பையன் வாய் திறவாமல் சிதறிய பழங்களைப் பொறுக்கினான். வசவு முடியுமுன் கைபேசி ஒலிக்க, அதை எடுத்தவர், "ஸ்தோத்திரம் ஐயா, சொல்லுங்க" என்றார். குரலில் கோபத்தின் சுவடுகூட இல்லை. வாய் தவறி வருகிற வார்த்தையானால் அந்த ஐயாவிடமும் ஒரு நாளாவது தவறியிருக்க வேண்டாமா? கலெக்டர் முன்பும் பிஷப் முன்பும் தவறாத நாக்கு, பெட்டி சுமப்பவனிடமும் குப்பை அள்ளுபவளிடமும் கட்டிய மனைவியிடமும் மாத்திரமே தவறுமாயின், அது பழக்க தோஷமன்று. எதிர்த்துப் பேச இயலாதவர் யார் யாரென்று நன்றாய்க் கணக்குப் பார்த்து வைத்திருக்கிற மனத்தின் செய்கையே ஆகும்.

அந்த வசவுகள்தாம் எவற்றைப் பேசுகின்றன? பெரும்பாலும் தாயின் கற்பை, சகோதரியின் உடலை, இல்லையேல் ஜாதியை. பட்டியலினத்தாரையும் பழங்குடியினரையும் பிறர் பொதுமக்கள் பார்வைபடும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதை 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்க, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பருகும் சபையார் ஜாதி வசவை வெறும் வாய்ப்பழக்கமென்று தள்ளிவிடுவது வெட்கக்கேடு.

மனம் வேறு, வாய் வேறு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை கிறிஸ்தவனுக்கு இல்லவே இல்லை. வாயிலிருந்து புறப்படுவது இருதயத்திலிருந்தே புறப்பட்டு மனிதனைத் தீட்டுப்படுத்துகிறதென்று போதித்தவர் அவனுடைய ஆண்டவரே. பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில், நீயும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனென்று கண்டுகொண்டவர்களை நம்பவிடாமற் செய்ய, பேதுரு சபிக்கவும் சத்தியம் பண்ணவும் தொடங்கினான் என்று மத்தேயு எழுதியிருப்பதை நாம் சிந்தித்துப் பார்ப்பதில்லை. நான் இயேசுவின் ஆளல்ல என்று மெய்ப்பிக்க அவனுக்கு அகப்பட்ட உபாயங்களில் ஒன்று சாபச் சொல்.

வாழ்க்கையே சாட்சியென்பதை இந்த மதுரை வெகுகாலத்துக்கு முன்பே காட்டியிருக்கிறது. 1606இல் இயேசு சபைக் குருவாகிய ராபர்ட் தெ நொபிலி இங்கு வந்தபோது, ஊரார் கிறிஸ்து மார்க்கத்தைப் 'பரங்கி மார்க்கம்' என்று அருவருத்து ஒதுக்கினார்கள். வேதத்தை வாசித்து வெறுத்தவர்களல்லர் அவர்கள்; அதைக் கொண்டுவந்தவர்களின் குடியையும் நடையையும் கண்டு வெறுத்தவர்கள். நொபிலி துறவியின் எளிய உணவையும் உடையையும் மேற்கொண்டு, தமிழையும் தெலுங்கையும் சம்ஸ்கிருதத்தையும் கற்றார். ஜாதி ஆசாரங்களுக்கு அவர் இடங்கொடுத்ததை நான் ஒப்பவில்லை. ஆயினும், தன் நடையைத் திருத்தாமல் பிறருக்குப் போதிக்கலாகாதென்பதை அவர் உணர்ந்திருந்தார். அந்த மண்டியில் பெட்டி சுமந்த பையன் பிரசங்கம் எதையும் கேட்டிருக்கமாட்டான். காலண்டரையும் வசவையும் ஒரே இடத்தில் கண்டிருக்கிறான்.

இயேசுவும் பரிசேயரைக் கடிந்து பேசவில்லையா என்று சிலர் கேட்பார்கள். பேசினார், செல்வாக்கும் அதிகாரமும் உள்ளவர்களை, அவர்கள் முகத்துக்கு நேரே, அவர்கள் செய்த அநியாயத்தைச் சுட்டிப் பேசினார். எவருடைய தாயையும் அவர் இழுக்கவில்லை.

லெந்து நாட்களில் இறைச்சியைத் துறக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். வசவைத் துறக்க விரும்புகிறவர், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி இயேசு கற்பித்தபடியே, ஆலயத்துக்குப் போகுமுன் மண்டிக்குப் போகட்டும். ஏசியது நாலு பேர் காதில் விழும்படியாக இருந்ததனால், "தம்பி, உங்க அம்மாவைப் பேசினது தப்பு, மன்னிச்சிரு" என்பதையும் அந்த நாலு பேர் காதில் விழும்படியாகவே அவனிடம் சொல்லட்டும்.