வாங்கிக்கொள்ளாத பூலுக்கு ஃப்ரீ எதற்கு?

மெமரி பூல் என்று பேச்சை எடுத்தாலே "மாலாக்கை விட எத்தனை மடங்கு வேகம்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். வேகம் இருக்கட்டுங்க. அந்த பூல் கிளாஸ் வெளியே என்ன வாக்குக் கொடுக்கிறது, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறதா என்று கேட்டால் ஆளையே காணோம். பாதி பூல்களின் இடைமுகம் பச்சைப் பொய் சொல்கிறது என்பது என் கட்சி. பி.காம் படிக்கிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: இது முதலில் கணக்குப் பிரச்சினை, அப்புறம்தான் கணினிப் பிரச்சினை.

வகுப்புத் தோழர்களுக்காக ஒரு பத்தி (மென்பொருள்காரர்கள் தாண்டிப் போகலாம்). ஒரு நிரலுக்கு நினைவகம் வேண்டுமென்றால் மாலாக்கிடம் கேட்கும், வேலை முடிந்ததும் ஃப்ரீ என்று திருப்பிக் கொடுக்கும். ஒவ்வொரு சின்னத் தேவைக்கும் இப்படி ஓடினால் நேரம் வீண். அதனால் ஒரு பெரிய துண்டை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்து சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பதுதான் பூல். நாம் படித்த பெட்டி கேஷ் இம்ப்ரெஸ்ட் முறையேதான். தலைமைக் காசாளர் 2,000 ரூபாயைத் தனியாகக் கொடுத்துவிடுவார், டீ, தபால், ஆட்டோ செலவெல்லாம் அதிலிருந்து. எப்போது எண்ணினாலும் வவுச்சரும் கையிருப்பும் சேர்ந்து 2,000 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஓட்டை.

இப்போது பொய்க்கு வருவோம். ஒரு பயிற்சி நிலையத்தின் நோட்ஸ் கைக்கு வந்தது. அதில் பூல் என்ற அடிப்படை கிளாஸுக்கு இரண்டே செயல்பாடுகள்: அலாக், ஃப்ரீ. "எல்லா பூலையும் மாலாக் மாதிரியே பயன்படுத்தலாம்" என்று பெருமையாக ஒரு வரி வேறு. எல்லா பூலும் மாலாக் மாதிரியே நடந்துகொண்டால் பூல் எதற்கய்யா? மாலாக்கையே வைத்துக்கொள்ளலாமே! சில கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொள்வதால்தான் பூலுக்கு வேகம் வருகிறது. ஒரே அளவுதான் தருவேன், தனித்தனியாகத் திருப்பி வாங்க மாட்டேன், கடைசியில்தான் மொத்தமாகக் கலைப்பேன் என்றெல்லாம் இருக்கும். அந்தக் கட்டுப்பாடுதான் பொருளின் சரக்கே. அதை மறைப்பதற்குப் பெயர் அழகான வடிவமைப்பாம்.

நோட்ஸ் எழுதியவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன், பெரிய இடத்திலும் இதே கதைதான். சி++17-இல் பிஎம்ஆர் என்ற பெயரில் மெமரி ரிசோர்ஸ் கிளாஸ் வந்தது. அலொகேட், டீஅலொகேட், ஈஸ் ஈக்வல் என்று மூன்றே செயல்பாடுகள். இதன் கீழ் வரும் மோனோடானிக் பஃபர் ரிசோர்ஸில் டீஅலொகேட்டைக் கூப்பிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஒன்றுமே ஆகாது. பூலைக் கலைக்கும்வரை அந்த இடம் திரும்பாது. ஆவணத்தில் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைப் பயன்படுத்தும் வெக்டருக்கு ஆவணம் படிக்கத் தெரியாதே? கொள்ளளவு இரட்டிப்பாகிக்கொண்டே போகும் வெக்டரில் 1,024 எண்களை ஒவ்வொன்றாகப் போட்டால் 1, 2, 4 என்று வளர்ந்து மொத்தம் 2,047 இடங்களை வாங்கியிருக்கும். ஒவ்வொரு முறையும் பழையதை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அது நம்பும். 1,023 இடங்கள் அம்போ. ஒரு கோரிக்கைக்கு ஒரு பூல் என்று வைத்துக் கலைத்தால் பாதகமில்லை. நாள் முழுக்க ஓடும் சர்வரில் ஒரே பூலை இப்படி வைத்தால் நினைவகம் ஏறிக்கொண்டே போகும், எந்த வரியைப் பார்த்தாலும் சரியாகவே இருக்கும்.

"திருப்பி வாங்குவாயா?" என்று பூலிடம் கேட்க ஒரு வழியாவது வைத்திருக்கலாம். அதுவும் இல்லை.

அபாச்சி சர்வரின் ஏபிஆர் நூலகத்தைப் பாருங்கள். பழைய சி மொழி, கிளாஸ் கிடையாது, ஒரு பகட்டும் இல்லை. அதன் பூலிலிருந்து வாங்கலாம், மொத்தமாகத் துடைக்கலாம், அழிக்கலாம். தனி ஒரு துண்டைத் திருப்பித் தர செயல்பாடே கிடையாது. இல்லாத வசதிக்குக் கதவே வைக்கவில்லை. யாரும் ஏமாற வழியில்லை.

இதை இன்னும் கவனமாகச் செய்திருப்பது மெமரி பூல் சிஸ்டம், சுருக்கமாக எம்பிஎஸ். 1990களில் ஹார்லிக்வின் நிறுவனத்தில் பிறந்து, பிறகு ரேவன்புரூக் பராமரிக்கும் திறமூல மென்பொருள். டைலன் மொழியின் கம்பைலருக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சு மென்பொருளுக்கும் ஒரே அடித்தளமாக இருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு. இரண்டுக்கும் தேவை வேறு வேறு. அதனால் பல பூல் கிளாஸ்கள். எம்எஃப்எஸ் என்ற கிளாஸ் ஒரே அளவுத் துண்டுகளைத் தரும், ஃப்ரீ உண்டு. ஏஎம்சி என்ற கிளாஸ் குப்பை சேகரிப்பது, பொருள்களை இடம் மாற்றும், அதில் ஃப்ரீ செய்ய முடியாது, நினைவகம் வாங்கும் முறையே வேறு. எந்தக் கிளாஸில் எது உண்டு, எது இல்லை என்று கையேட்டில் ஒவ்வொன்றுக்கும் பட்டியல் இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது உள்ளே இருக்கும் ஒரு வழக்கம். ஒவ்வொரு கிளாஸும் செயல்பாடுகளின் அட்டவணைதான். ஒரு கிளாஸுக்குப் பொருந்தாத கட்டத்தில் 'நோ' என்று தொடங்கும் செயல்பாட்டை வைப்பார்கள், தெரியாமல் கூப்பிட்டால் அசர்ஷன் விழுந்து அங்கேயே நிற்கும். ஒன்றும் செய்யாமலிருப்பதே சரியான நடத்தை என்றால் 'ட்ரிவ்' என்ற இன்னொரு வகை. "இந்த வேலை இங்கே இல்லை" என்பதும் "இருக்கிறது, ஆனால் செய்ய ஒன்றுமில்லை" என்பதும் ஒன்றா? பில் இல்லாத செலவும் பூஜ்ய ரூபாய் செலவும் ஒன்று என்று தணிக்கையாளரிடம் சொல்லிப் பாருங்கள் :)

அடுத்த சண்டை, அளவு. எம்பிஎஸ்ஸில் திருப்பித் தரும்போது எந்த பூல், எந்த முகவரி, எத்தனை பைட் என்று மூன்றையும் சொல்ல வேண்டும். சோலாரிஸ் கெர்னலிலும் அளவு கேட்கிறார்கள். மாலாக் குடும்பத்தில் முகவரி மட்டும் போதும். வசதிதான். அந்த வசதிக்கு விலை என்ன? அளவை மாலாக் எங்கேயாவது எழுதி வைக்க வேண்டுமே! ஜிலிப்சியில் உங்களுக்குத் தந்த இடத்துக்கு ஒட்டி முன்னாலேயே எழுதி வைக்கிறது. 64 பிட் கணினியில் 1 பைட் கேட்டாலும் 32 பைட் போய்விடுகிறது. அதைவிட மோசம், கணக்கு நோட்டை வாடிக்கையாளர் கைக்கெட்டும் தூரத்தில் திறந்து வைத்திருப்பது. பக்கத்துத் துண்டில் எல்லை தாண்டி எழுதினால் நோட்டு நாசம். அளவைக் கேட்கும் பூலுக்கு அந்த நோட்டு அங்கே தேவையில்லை. சோதனை ஓட்டத்தில் தனியாக ஒரு பிரதி வைத்துக்கொண்டால் கொடுத்த அளவும் திரும்பிய அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். டெபிட், கிரெடிட் இரண்டும் வேறு வேறு கையிலிருந்து வந்தால்தானே சரிபார்ப்புக்கு அர்த்தம்?

நிரலருக்குச் சுமை என்பார்கள். பொருளின் அளவு கம்பைலருக்கே தெரியும், சி++14-இல் டிலீட்டுக்கே அளவு சேர்த்தார்கள். அளவு கேட்கும் பூலின் மேல் ஒரு தலைப்புப் பகுதி ஒட்டி, அளவு கேட்காத பூல் செய்துகொள்ளலாம். அளவு கேட்காத பூலுக்குள் தலைப்புப் பகுதி ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது, அதை வெளியிலிருந்து யார் கழற்றுவது?

"இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்" என்பவர்களுக்கு ஓப்பன் எஸ்எஸ்எல். 2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானது. ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தை உருவ முடிந்தது. ஓட்டைக்குக் காரணம் நீளத்தைச் சரிபார்க்காதது, பூல் அல்ல. ஆனால் அதை ஆராயப் போனபோது இன்னொன்று கிளம்பியது. மாலாக் மெதுவானது என்று சொல்லி ஓப்பன் எஸ்எஸ்எல் சொந்தமாக ஒரு ஃப்ரீலிஸ்ட் வைத்திருந்தது. திருப்பித் தந்த பஃபரை உள்ளடக்கத்தோடு அப்படியே வைத்திருந்து, அடுத்து கேட்பவரிடம் நீட்டும். ஓப்பன் பிஎஸ்டியின் மாலாக்கில் இருந்த பாதுகாப்புகள் இதனால் அந்த பஃபர்களை நெருங்கவே முடியவில்லை. அந்த ஃப்ரீலிஸ்டை அணைத்துப் பார்க்கப் போனார் ஓப்பன் பிஎஸ்டியின் டெட் உனாங்ஸ்ட். மென்பொருளே படுத்துவிட்டது! காரணம், ஓரிடத்தில் நிரல் இன்னும் படித்து முடிக்காத பஃபரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை கேட்கும்போது அதே பஃபர் அதே மீதத் தரவோடு வரும் என்று நம்பி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாகப் போனது முதலில் வரும் பட்டியல் என்பதால் பெரும்பாலும் வந்தும் இருக்கிறது.

திருப்பித் தருவது என்றால் கையை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். அந்த அர்த்தத்தை அமல்படுத்தாத இடைமுகத்தின் மேல் இப்படித்தான் குடித்தனம் நடக்கும். திரும்பிய துண்டைச் சோதனை ஓட்டத்தில் குப்பை மதிப்பால் நிரப்பியிருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும்.

பூல்களை இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் போய்விடுமே என்பது எதிர்க்கட்சியின் கடைசி அஸ்திரம். போகாது. தருவது மட்டும், தந்து திருப்பி வாங்குவது, மொத்தமாகக் கலைப்பது என்று இடைமுகத்தைப் பிரித்து வையுங்கள். ஒரே வாக்குக் கொடுப்பவர்களுக்குள் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். வேறு வாக்குக் கொடுப்பவரை உள்ளே தள்ளப் பார்த்தால் கம்பைலர் தடுக்கும், தடுக்கட்டும்.

கூடவே இன்னும் இரண்டு எண்கள் வேண்டும். பூலின் மொத்தம் எவ்வளவு, அதில் இப்போது கையிருப்பு எவ்வளவு. எம்பிஎஸ்ஸில் இரண்டையும் கேட்கத் தனித்தனிச் செயல்பாடுகள் இருக்கின்றன. கழித்தால் வெளியே நிற்பது தெரிந்துவிடும், வவுச்சர் கட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். சி++17-இன் மெமரி ரிசோர்ஸிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று செயல்பாடுகளில் ஒன்றுகூட அதைச் சொல்லாது.